பொய்யை மேலே ஏற்றிய கை

அத்தியாயம் 6

"ஏலே முனியா, பொய் சொன்னவனைப் பிடிச்சிரலாம். அதைத் தோள்ல தூக்கிட்டுத் திரியறவனைப் பிடிக்கறதுதாம்லே கஷ்டம்" என்றார் பெர்சிஸ் அக்கா, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூக்கறவன்னா லோடுமேனா அக்கா? சிவகாசியில அதுக்கா பஞ்சம்?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரித்தால் அன்றைக்கு மழை வரும். அதனால்தான் எங்கள் ஊர் இப்படிக் காய்ந்து கிடக்கிறது.

என் பேர் முனியராஜ். பெர்சிஸ் துப்பறியும் நிலையத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நான்தான். அக்கா முன்னாள் கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகள் காப்பியடிப்பதைக் கண்டுபிடித்து அலுத்துப்போய், பெரியவர்கள் பக்கம் திரும்பியவர். ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மிஷின் ஓடினால் மேலே என் பல் ஆடும்.

எங்கள் கையில் இருந்த வழக்கு ஜெஸ்லின் கொண்டுவந்தது. அச்சங்குளத்துப் பெண், விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அப்பா சவரியப்பன் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். போன வருஷம் அங்கே மருந்து கலக்கும் அறை வெடித்து முருகம்மாள் என்ற தொழிலாளி இறந்துபோனாள். விசாரணை நடந்து, போர்மேன் மேல் குற்றமில்லை என்று முடித்தும் விட்டார்கள். ஆனால் இன்டர்நெட்டுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை. 'போர்மேன் சவரியப்பன்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது, 'குடிபோதையில் பெண்ணைப் பலிகொண்ட போர்மேன்' என்று ஒரு பக்கம். எழுதியவர் பேர் இல்லை.

அந்த ஒரு பக்கத்தால் மனுஷனுக்கு வேலை இல்லை. எம். புதுப்பட்டியில் புதிதாகக் கம்பெனி தொடங்கியிருக்கும் அழகுமீனா அம்மா அவரைப் போர்மேனாக எடுப்பதாக இருந்தார். பேரைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். திங்கட்கிழமைக்குள் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் நிமிர்ந்து சொன்ன ஜெஸ்லின், அடுத்ததைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"அப்பா ஞாயித்துக்கிழமைப் பூசைக்குப் போறதையே விட்டுட்டாங்க மேடம். தெருவுல நடக்கவே கூசறாங்க."

பிறகு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து எங்கள் முன்னால் நீட்டினாள். கட்டைவிரலில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. எங்கள் பக்கத்தில் அது இல்லாத கைதான் அபூர்வம், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இதை மேல ஏத்தி வச்சிருக்கவன் யாருன்னு கண்டுபிடிங்க. அவன் மூஞ்சிய நான் ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

அந்த மூஞ்சியைத்தான் அக்கா இப்போது லேப்டாப்பில் தேடிக்கொண்டிருந்தார்.

"எழுதுனது பழைய கம்பெனி முதலாளி ராஜபாண்டியனோட வேலையாத்தான் இருக்கும். பழி தன் தலையில விழக்கூடாதுன்னு போர்மேன் தலையில போட்டாரு. ஆனா எழுதுனா மட்டும் ஒரு பக்கம் மேல வந்துருமா? மத்த தளங்கள்ல இருந்து அதுக்கு லிங்க் வரணும். பேக்லிங்க்."

"விளங்குற மாதிரி சொல்லுங்க அக்கா."

அக்கா தரையைக் காலால் தட்டினார். "கீழ என்ன அச்சடிக்கான்?"

"காலண்டர்."

"ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் கடைப் பேர் போட்ட காலண்டரை ஊரெல்லாம் குடுக்காரு. டீக்கடைக்காரன் ஏற்கெனவே மாட்டுன இருவது காலண்டருக்கு மேல இதையும் மாட்டுதான். அதைப் பாத்து எவனாவது துணி எடுக்கப் போவானா?"

"டீ குடிக்கவே நேரம் பத்தாது."

"அதே காலண்டர், உங்க ஊர் டாக்டரம்மா ரூம்ல ஒண்ணே ஒண்ணா தொங்குது. அப்ப?"

"டாக்டரம்மாவே அங்கதான் துணி எடுக்காக போலன்னு நினைச்சுக்கிடுவேன்."

"அம்புட்டுத்தாம்லே. எத்தனை சுவர்ல தொங்குதுங்கறது கணக்கில்ல. யார் சுவருங்கறதுதான் கணக்கு. தேடுபொறியும் ஏறக்குறைய அப்படித்தான் பாக்கும்."

பாடம் முடிந்து ஆதாரத்துக்கு வந்தோம். அந்தப் பொய்ப் பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் லிங்க் வந்திருந்தது. சூதாட்டத் தளத்தின் கமெண்டில் ஒன்று, ரஷ்யாக்காரன் மீன்பிடிப்பதைப் பற்றிய அரட்டையில் ஒன்று, எவரும் திறக்காத வணிக விலாசப் பட்டியல்களில் நூறு நூறாக. இவை போதாதென்று, பேர் மட்டும் வேறு வேறாக வைத்து ஒரே ஆள் நடத்தும் தளங்கள் வேறு.

"மீன் பிடிக்கறவனுக்கு எங்க போர்மேன் எதுக்கு அக்கா?"

"குப்பைலே. மொத்தமா விலைக்கு வாங்கிக் கொட்டுனது. ஆனா இந்தத் தளங்களோட அடியில பாரு."

எல்லாவற்றின் அடியிலும் ஒரே விளம்பரம், ஒரே போன் நம்பர். ஹரிஷ்குமார், இன்டர்நெட் மார்க்கெட்டிங், விருதுநகர். திருடப் போன வீட்டிலெல்லாம் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வந்திருக்கிறான் புண்ணியவான். நான் பைக் சாவியை எடுத்தேன்.

*

ஹரிஷ்குமாரின் ஆபீஸ் ஒரு புரோட்டா கடைக்கு மேலே இருந்தது. எண்ணெயில் புரோட்டா பொரியும் வாசனை படியேறி உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா சவரியப்பன் பேரைச் சொன்னதும், தேள் கொட்டிய திருடன் மாதிரி அவன் கத்தவும் முடியாமல் விழித்தான்.

"ராஜபாண்டியன் அண்ணாச்சி ஒரு பக்கத்தைக் குடுத்து மேல கொண்டு வான்னாரு. லிங்க் மட்டும் போட்டேன். பக்கம் என் கையில இல்ல மேடம், பாஸ்வேர்டு அவருகிட்ட."

"அது ஒரு மனுஷன் பேருன்னு தெரியாதா?"

அவன் மேசையைப் பார்த்தான். "தேடுற வார்த்தைன்னுதான் பாத்தேன். மனுஷன்னு பாக்கலை."

அந்த நேர்மைக்கு அவனை அடிக்கவும் முடியவில்லை. அக்கா அடுத்த கேள்விக்குப் போனார்.

"ஆடி மாசம் குப்பை கொட்டிருக்க. அப்ப அந்தப் பக்கம் எங்கயோ அடியில கிடந்திருக்கு. மார்கழியில திடீர்னு முதல் இடத்துக்கு ஏறிருக்கு. மார்கழியில என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை! அதான் மேடம் எனக்கும் புரியலை. நான் போட்ட அம்புட்டும் வேஸ்ட். அண்ணாச்சியே கோவிச்சுக்கிட்டு வேற வேலையைப் பாக்கப் போயிட்டாரு. அப்புறம் யாரோ வெயிட்டான ஆளு உள்ள வந்து தூக்கிருக்கான்." குரலைத் தாழ்த்தினான். "அவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. நான் வேலைக்கு வச்சுக்கிடறேன்."

குற்றவாளியே ஆள் தேடும் வழக்கை அன்றுதான் பார்த்தேன்.

*

கீழே இறங்கிப் புரோட்டா கடையிலேயே உட்கார்ந்தோம். நான் சால்னாவைக் கவனித்தேன். அக்கா மார்கழியைக் கவனித்தார்.

"ஆப்பிட்டுச்சு" என்றார். "குப்பையெல்லாம் ஒதுக்கிட்டா அந்த மாசம் வந்த லிங்க் நாலே நாலு. ஒரு பழைய பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் சங்கம். ஒரு நர்சிங் ஸ்கூல். ஒரு பங்குக் கோயில். இந்த மாவட்டத்துச் செய்தி போடுற ஒரு சின்னத் தளம். எல்லாம் வருஷக்கணக்கா நல்ல பேரோட நடக்குறது. எவனுக்கும் காசுக்கு லிங்க் குடுக்காது."

"நாலும் டாக்டரம்மா ரூம்."

"ஆமாலே."

"அப்ப கோயிலும் பள்ளிக்கூடமும் சேந்து அந்த மனுஷனைக் கெடுக்குதா? கலி முத்திருச்சு அக்கா."

அக்கா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். நான்கு தளங்களிலும் ஒரே கடிதம் இருந்தது. நான் புரோட்டாவைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன்.

'நம் சவரியப்பன் ஐயா குடிப்பழக்கமே இல்லாதவர், ஒரு பாவமும் அறியாதவர். அவரைப் பற்றி ஒரு பொய்யைப் பரப்புகிறார்கள். யாரும் நம்பாதீர்கள். அந்தப் பச்சைப் பொய்யை நீங்களே இங்கே படித்துப் பாருங்கள்.' கீழே, 'இப்படிக்கு, நலம் விரும்பிகள்.'

'இங்கே' என்ற இடத்தில் லிங்க். அதைத் தொட்டால் நேரே அந்தப் பொய்ப் பக்கம்.

"அக்கா, இது மறுப்புல்லா?"

"மறுப்புதான். ஆனா திட்டறதுக்குக் கை நீட்டுனாலும் வழி காட்டுன மாதிரிதாம்லே. நாலு பெரிய மனுஷங்க ஒரே வீட்டைக் கை காட்டுதாங்கன்னுதான் தேடுபொறி எடுத்துக்கிடும். லிங்க் போடும்போதே 'இதுக்கு நான் பொறுப்பில்ல'ன்னு ஒரு குறிப்பு வைக்கலாம், நோஃபாலோன்னு பேரு. அதையும் யாரும் வைக்கலை."

எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். ஒருத்தரைப் பற்றித் தப்பாக ஒரு பேச்சு வந்தால், வீட்டுக்காரர்கள் வாசல் வாசலாகப் போய் 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லிவிட்டு வருவார்கள். கேள்விப்படாதவர்களும் அப்போதுதான் கேள்விப்படுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது தெரிந்தும் போவார்கள். மானம் போகும்போது மனுஷனால் சும்மா இருக்க முடிவதில்லை. இங்கே வாசலுக்குப் பதில் வெப்சைட், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருக்கிறது.

முன்னாள் மாணவர் சங்கத்தின் தளத்தைப் பார்த்துக்கொள்பவர் இன்பம் சார் என்ற ரிட்டயர்டு வாத்தியார். அக்கா அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மெயில்ல வந்துச்சும்மா. அனுப்புனவுக பேர் இல்ல. ஆனா படத்தோட வந்துச்சு. சவரி எங்கிட்டப் படிச்ச பய, தங்கமானவன். கேக்கவா செய்யணும்னு உடனே போட்டுட்டேன். நல்லதுதான செஞ்சேன்?"

 "நல்ல மனசோட செஞ்சீக சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார்.

நான்கு தளத்திலும் கடிதத்தோடு ஒரே படம்தான் இருந்தது. புதுச்சட்டை போட்ட சவரியப்பன். அக்கா அதைப் பெரிதாக்கினார்.

"இவரு கேமராவைப் பாக்கலை முனியா. பக்கத்துல எதையோ பாத்துச் சிரிக்காரு. எதைப் பாத்து?"

"அதான் வெட்டிருக்கே."

"சரியா வெட்டலை. ஓரத்துல பாரு."

படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டைக் கை கொஞ்சமும், ஒரு சின்ன விளக்கைப் பிடித்த விரல்களும் மிச்சம் இருந்தன. கட்டைவிரலில் ஒரு தழும்பு. நான் கையைக் கூடக் கழுவாமல் எழுந்துவிட்டேன்.

*

அச்சங்குளத்தில் கதவைத் திறந்தது சவரியப்பன்தான். ஒல்லியான மனுஷன். உடம்பையே ஒரு சுற்று சின்னதாக்கிக்கொண்டு நடந்தார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. உள்ள வாங்க."

அவர் கிட்டே வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை, மூக்கு தானாகச் செய்தது. லேசாக மூச்சை இழுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"வாடை வருதான்னு பாக்கீகளோ தம்பி? பரவால்ல. எல்லாரும் பாக்காக" என்றார் கோபமே இல்லாமல்.

செருப்பால் அடித்திருந்தால் தேவலை. பொய் என்று தெரிந்து, அதைப் பொய் என்று நிரூபிக்க வந்தவன் நான். என் மூக்கே அந்தப் பக்கத்தைப் படித்து நம்பியிருந்தது. அதற்கு மேல் எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"குடிக்கக் கலர் வாங்கிட்டு வாரேன், இருங்க" என்று அவர் வெளியே போனார். கடைக்குத் தெரு வழியாகப் போகாமல், வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் போவது ஜன்னலில் தெரிந்தது.

சுவரில் புனித சவேரியார் படத்துக்குக் கீழே முழுப் படம் மாட்டியிருந்தது. நர்சிங் படிப்பவர்கள் விளக்கேற்றி உறுதி எடுக்கிற விழா. வெள்ளை உடையில் ஜெஸ்லின், கையில் விளக்கு. பக்கத்தில் புதுச்சட்டையில் அப்பா, கேமராவை மறந்து மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்லின் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஆள் கிடைச்சானா மேடம்?"

அக்கா சுவரைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். ஜெஸ்லின் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அந்த லெட்டர் நான் அனுப்புனதுதான்" என்றாள் மெதுவாக. "அதுக்கும் இதுக்கும் என்ன? நான் மறுத்துத்தான எழுதுனேன்?"

அக்கா சொன்னார். குப்பை லிங்க் எதுவும் வேலை செய்யாததையும், நல்ல பேருள்ள நான்கு தளங்கள் கை காட்டியதால் பொய் மேலே ஏறியதையும் நர்ஸ் நோயாளிக்குச் சொல்கிற மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பாக்கணும்னு சொன்ன மூஞ்சி..."

 சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள்.

"லிங்க்கை எடுக்கச் சொல்லிரலாம்மா. மறுப்பு அப்படியே இருக்கட்டும், லிங்க் மட்டும் போகட்டும். பக்கம் இறங்கிரும், ஆனா ஒரே நாள்ல இறங்காது. திங்கட்கிழமைக்குள்ள நிச்சயமா இறங்காது." அக்கா குரலை இன்னும் தணித்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா? உன் பேரை ஏன் போடலை? படத்துல உன்னைய ஏன் வெட்டுனே?"

ஜெஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில யாருக்கும் நான் அவுக மகள்னு தெரியாது மேடம். தெரிஞ்சிருமோன்னு வெக்கமா இருந்துச்சு. ஊரு முழுக்க எங்கப்பா நல்லவருன்னு சொல்லணும். ஆனா எங்கப்பான்னு சொல்லக் கூடாது. அப்படி ஒரு பிள்ளை நான்."

"அதுவும் எனக்குத் தெரியும்த்தா" என்றது ஒரு குரல்.

பின்வாசலில் சவரியப்பன் நின்றார், கையில் கலர் பாட்டில்களோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்பம் சார்தான் போன்ல காட்டுனாரு. பெருமையாத்தான் காட்டுனாரு. எனக்கு அந்த விரலுதான் கண்ணுல பட்டுச்சு. நீ சின்னப் பிள்ளையில கம்பி மத்தாப்பை மாத்திப் பிடிச்சுச் சுட்டுக்கிட்ட. நானா மருந்து போட்டு விட்டது, எனக்கா தெரியாது?" சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "வெட்டுனது வெட்டுன, அந்த விரலையும் சேத்து வெட்டிருக்கலாம்ல. யாரோ நல்லவுக எழுதுனதுன்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்திருப்பேன்."

அவர் பூசைக்குப் போகாமல் போனது ஊர் பேசியதற்காக மட்டும் இல்லை, மகளே தன்னை அந்தப் படத்திலிருந்து வெட்டிக்கொண்டதற்காகவும்தான் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜெஸ்லின் ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?"

 கேட்டதே போதும் என்பது மாதிரி சவரியப்பன் அவள் முகத்தையே பார்த்தார்.

"குடிக்கலைத்தா. ஆனா அந்த லெட்டர்ல போட்டிருக்க மாதிரி ஒண்ணும் பாவமே அறியாதவனும் இல்ல. வெயில் ஏறிருச்சு, மருந்து சூட்டுல வெடிச்சிரும், கலவையை நிப்பாட்டணும்னு முதலாளிகிட்டச் சொன்னேன். லோடு போகணும்னாரு. மறுபடி சொன்னேன். ஏசுனாரு. மூணாம் தடவை சொல்லலை. முருகம்மாட்டயாவது வெளிய வந்துருன்னு சொல்லிருக்கணும். அதையும் சொல்லலை. விசாரணையில கேட்டதுக்குப் பதில் சொன்னேன், இதை யாரும் கேக்கலை. அந்த லெட்டரைப் படிச்சுட்டுக் கோயில்ல எல்லாரும் தங்கமானவன்னு கையைப் பிடிச்சப்ப, அங்கன எப்படித்தா நிக்க?"

கலர் பாட்டிலின் மேல் வேர்த்திருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு?" சவரியப்பன் எழுந்தார். "புதுப்பட்டி அம்மாட்ட நானே போய்ச் சொல்லிட்டு வாரேன். குடிக்கலைங்கறதையும் சொல்லுவேன், வாயை மூடிட்டு நின்னதையும் சொல்லுவேன். அந்தம்மா கம்பெனியில வெயில் ஏறுனா மூணாம் தடவையும் சொல்லுவேன்னும் சொல்லுவேன். வச்சுக்கிடறதும் விடறதும் அவுக இஷ்டம்."

அவர் கொடியிலிருந்து சட்டையை உருவி மாட்டினார். பழக்கத்தில் பின்வாசல் பக்கமாகவே திரும்பினார்.

ஜெஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுவரில் இருந்த முழுப் படத்தைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அங்கன இல்லப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். "தெரு வழியாப் போவோம். நானும் வாரேன்."